பாயசம் நெறஞ்சிருக்கு

வசந்தா அக்கா இறந்துபோன செய்தி வசந்தா அக்காவின் எண்ணிலிருந்தே எனக்கு வந்தது. புதன்கிழமை மதியம். மாடம்பாக்கத்தில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்திருந்தது. குழாயைத் தொட்டிக்குள் விட்டுவிட்டு, ஈரக்கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தேன். "அம்மா இன்று காலை தவறிவிட்டார். நான் உமா, அவர் மகள்" என்று இருந்தது. தொட்டி நிரம்பி வழிந்து, லாரிக்காரர் என்னைத் திட்டிய பிறகுதான் எனக்குச் சுயநினைவு வந்தது.

அந்தச் செய்திக்கு நான் அனுப்பிய பதில் இன்னும் என் போனில் இருக்கிறது. "இன்னிக்கு மண்டபத்துல வளைகாப்பு இருக்கேம்மா. விருந்தாளிங்களுக்கெல்லாம் யார் சொல்றது?" என்று கேட்டிருக்கிறேன். "எந்த விருந்தாளி?" என்று உமா திருப்பிக் கேட்டிருக்கிறாள். பாவம், அம்மாவை இழந்த பெண், என்ன எழுதுகிறோம் என்று தெரியாமல் எழுதுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்காவுடன் தொலைபேசி அலுவலகத்தில் வேலை பார்த்த நீங்கள் ஒரு சிறிய நினைவு மலர் கொண்டுவருவதாகவும், கடைசி வருடங்களில் அவருடன் பழகியவன் என்ற முறையில் நான் நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டும் என்றும் கேட்டீர்கள். எழுதுகிறேன். நாலு வார்த்தையில் ஒன்றிரண்டு நல்லதாக இல்லாமல் போனால், அதையும் அவரோடு பேசித் தீர்த்துக்கொள்ள வழியில்லாத ஒருவனின் புலம்பல் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு அவரை ஹெட்போன் மாட்டிய ஆபரேட்டராகத் தெரியும். எனக்கு அவரை ஒரு பொம்மையாகத்தான் முதலில் தெரியும். இணையத்தில் ஒரு உலகம் இருக்கிறது. நாம் ஒரு உருவம் எடுத்துக்கொண்டு அதற்குள் நடக்கலாம், உட்காரலாம், எழுதிப் பேசலாம். அங்கே நிலம் வாங்குகிறார்கள், வீடு கட்டுகிறார்கள், கடை போடுகிறார்கள். அந்த ஊர்க் காசை நம் ரூபாயாக மாற்றி வங்கிக்குக் கொண்டுவரவும் வழி உண்டு. ஜி.எஸ்.டி. சாலையோரம் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த உதிரிபாகக் கம்பெனி மூடப்பட்டபோது, நாற்பத்தேழு வயதுக்காரனுக்கு வெளியே யாரும் வேலை தரவில்லை. அங்கே யாரும் வயது கேட்பதில்லை என்று சொன்னார்கள். நுழைந்துவிட்டேன்.

வயது கேட்கவில்லைதான். சட்டையைப் பார்த்தார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு அங்கே இலவசமாக ஒரு சாம்பல் நிறச் சட்டை மாட்டிவிடுவார்கள். அதைப் பார்த்தாலே ஆள் புதுசு என்று தெரிந்துவிடும். ஒரு துணிக்கடை வாசலில் வரவேற்பாளர் வேலை கேட்டேன், கடைக்காரி நகர்ந்து போய்விட்டாள். ஒரு நடனக் கூடத்தில் வாசலில் நின்ற ஆள் பல்லாவரத்துக்காரனாம். "இன்னா சார், ஓசி சொக்காயைப் போட்டுகினு வேலை கேக்க வந்துகீறீங்க? மொதல்ல உள்ள ஆடிகினு கீறவங்களைப் பாருங்க. அவங்கள மாதிரி ட்ரெஸ் எடுத்துகினு வாங்க" என்றான். துணி எடுக்கக் காசு வேண்டும், காசுக்கு வேலை வேண்டும், வேலைக்குத் துணி வேண்டும். பொம்மை உலகத்திலும் இதே கதைதானா என்று கம்ப்யூட்டரை அணைக்கப் போனவன், கடைசியாக ஒருமுறை தமிழில் தேடிப் பார்த்தேன். ஒரு கல்யாண மண்டபம் வந்தது.

வாசலில் வாழைமரம், உள்ளே நாதஸ்வரம், வரிசையாக இலை போட்ட பந்தி. நடுவில் அரக்குப் புடவையில் ஓர் உருவம் தனியாக நின்றுகொண்டிருந்தது. "வணக்கம் அக்கா. ஊருக்குப் புதுசு. ஏதாவது வேலை இருக்குமா?" என்று எழுதினேன். பதில் உடனே வந்தது.

"வேலை நெறஞ்சிருக்கு தம்பி."

எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மாதக்கணக்கில் எல்லா வாசலிலும் இல்லை என்றே கேட்டவன் நான். "ரொம்ப நன்றி அக்கா. நாளைக்கே வந்துடறேன்" என்று எழுதினேன். அவர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்பதைக் காட்டும் புள்ளிகள் தோன்றின, மறைந்தன, மறுபடி தோன்றின. பெரிய மண்டபத்தை ஒற்றை ஆளாக நடத்துகிறவர், ஆயிரம் வேலை இருக்கும் என்று நினைத்தேன். வெகுநேரம் கழித்து, "சரி தம்பி. ரெண்டு மணிக்கு வாங்க. வேட்டி நான் தரேன்" என்று வந்தது. அந்தச் சாம்பல் சட்டையை அன்றோடு கழற்றினேன்.

எனக்குக் கொடுத்த வேலை பந்தி விசாரிப்பு. நம் கல்யாணங்களில் யாராவது ஒரு சித்தப்பா செய்வாரே, அதேதான். வரிசைக்குள் மெதுவாக நடந்து, ஒவ்வொரு இலை முன்னும் நின்று, என்ன வேண்டும், எது வரவில்லை என்று கேட்க வேண்டும். கேட்டது, ஒரு பொத்தானை அழுத்தினால் இலையில் வந்து விழும். புதன், சனி மதியங்களில் ஏதாவது விசேஷம் இருக்கும். நிச்சயதார்த்தம், வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம். வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்கள் கூடும் இடம் என்றார் அக்கா. சாப்பிட முடியாத சாப்பாட்டை எப்படிக் கூச்சமில்லாமல் விசாரிப்பது என்று முதல் நாள் கேட்டேன். "சோறு பொய்யா இருக்கலாம் தம்பி. கேக்கறது பொய்யா இருக்கக் கூடாது" என்றார். அந்த வார்த்தையை நான் வேதமாக எடுத்துக்கொண்டேன்.

பந்தியில் பாதிப் பேர் வாயே திறக்கமாட்டார்கள். மணமக்களும் பேசியதில்லை. எனக்கு அது வித்தியாசமாகப் படவில்லை. எந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் பந்தியில் நம்மோடு பேசியிருக்கிறார்கள்? பேசுகிறவர்கள் மூன்று பேர் தவறாமல் வருவார்கள். மெல்போர்ன் மாமி, துபாய் பெரியவர், டொரண்டோ டீச்சர். பெரியவருக்குச் சாம்பாரில் எப்போதும் குறை. டீச்சருக்கு என் வீட்டுச் சமாசாரம் முழுக்கத் தெரிய வேண்டும். நம் மதியம் அவர் ஊரில் விடியற்காலை ஆயிற்றே என்று ஒருநாள் கேட்டதற்கு, "வயசாச்சு தம்பி, தூக்கம் எங்க வருது" என்றார். மாமி மட்டும் ஒவ்வொரு விசேஷத்திலும் ஒன்றையே சொல்வார். "என்ன வேணும் மாமி?" என்று கேட்டால், "பாயசம் நெறஞ்சிருக்கு" என்பார். "ரொம்ப சந்தோஷம் மாமி" என்று சிரித்துவிட்டு அடுத்த இலைக்குப் போய்விடுவேன். திருப்தியான ஒரு ஜீவன் என்று அவரைப் பற்றி வீட்டில்கூடச் சொல்லியிருக்கிறேன்.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் மனைவி கலா சேலையூரில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. நான் மதியம் வேட்டி கட்டிய பொம்மையை நடக்க வைத்துக்கொண்டிருப்பதை அவள் ஒரு மாதம் பொறுத்துக்கொண்டாள். சம்பளம் வங்கிக்கு வந்த பிறகும், "இதுக்குப் பேரு வேலையா? யாரோ உங்களை வெச்சு விளையாடறாங்க" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அவளை அக்காவிடமே அழைத்துப்போவதாகச் சொல்லிவிட்டேன். அக்கா கூடுவாஞ்சேரியில் இருப்பது அதற்குள் எனக்குத் தெரியும். கேட்டதும் தயங்கினார், பிறகு ஒப்புக்கொண்டார். மின்சார ரயிலில் வந்து, தாம்பரம் கிழக்கில் ஒரு டிபன் கடையில் எங்களைச் சந்தித்தார். மெலிந்த உடம்பு, நரைத்த பின்னல், தோளில் ஒரு துணிப்பை. மண்டபத்து அரக்குப் புடவைக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்லை.

கலா சுற்றி வளைக்காமல் கேட்டாள். "தப்பா நினைக்காதீங்கம்மா. இது நிஜமான வேலைதானா?"

அக்கா தோசையை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "உங்க வீட்டுக்காரர் இல்லைன்னா என் மண்டபத்துல பந்தியே நடக்காதும்மா" என்றார்.

அதோடு கலாவின் சந்தேகம் தீர்ந்தது. அடுத்த வாரமே காலனியில், "அவர் வெளிநாட்டுக்காரங்க கல்யாணத்தையெல்லாம் பாத்துக்கறார்" என்று அவள் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. என் மனைவி என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசி எத்தனையோ காலமாகியிருந்தது. அன்று மண்டபத்துக்குள் போய் இரண்டு சுற்று அதிகமாக விசாரித்தேன்.

சென்ற வருடம் மேடவாக்கத்தில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் அலுவலக மேலாளர் வேலைக்குக் கூப்பிட்டார்கள். பராமரிப்புக் கணக்கு, தண்ணீர் லாரிகளை வரவழைப்பது, காவலாளிகளைப் பார்த்துக்கொள்வது. என் பழைய மேலதிகாரி சிபாரிசு செய்திருந்தார். போகலாமா என்று மனசு ஊசலாடியது. பிறகு சனிக்கிழமைப் பந்தியை நினைத்தேன். என்னை நம்பி ஒரு மண்டபம் இருக்கிறது, வந்தவுடன் என்னைத் தேடுகிற விருந்தாளிகள் இருக்கிறார்கள். கையில் வேலை இருக்கிறது என்று சொல்லி மறுத்துவிட்டேன். அக்காவிடம் அதைப் பெருமையாகவே சொன்னேன். மறுபடி அந்தப் புள்ளிகள் தோன்றின, மறைந்தன, தோன்றின. "நல்லா யோசிச்சீங்களா தம்பி?" என்று மட்டும் வந்தது. "யோசிச்சுட்டேன் அக்கா" என்றேன். அன்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவர் சொல்லியிருக்கலாம்.

அவர் போன அன்று கலாவும் நானும் கூடுவாஞ்சேரிக்குப் போய் மாலை போட்டுவிட்டுத் திரும்பினோம். அங்கே உங்களில் சிலரைப் பார்த்தேன், பேசவில்லை. வருகிற சனிக்கிழமை மண்டபத்தில் ஓர் அஞ்சலிக் கூட்டம் வைப்பது என்று முடிவு செய்தேன். வாசலில் அக்காவின் படத்தை மாட்டினேன். நாதஸ்வரத்தை நிறுத்தினேன். மாமிக்கும் பெரியவருக்கும் டீச்சருக்கும் தனித்தனியாகச் செய்தி எழுதினேன். இரண்டு மணிக்கு வேட்டியோடு வாசலில் நின்றேன்.

ஒருவரும் வரவில்லை. மெல்போர்னும் வரவில்லை, துபாயும் வரவில்லை. தூக்கம் வராத டீச்சரும் வரவில்லை. வாய் திறக்காமல் சாப்பிடுகிறவர்கள்கூட இல்லை, இலைகள் மட்டும் வரிசையாகக் கிடந்தன. எனக்கு விருந்தாளிகள் மேல்தான் ஆத்திரம் வந்தது. இத்தனை நாள் அந்த அம்மாள் கையால் சாப்பிட்டுவிட்டு, செத்த பிறகு எட்டிப் பார்க்க நேரமில்லையா? இவர்களுடைய போன் எண்ணையாவது வாங்கி, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று உமாவைப் பார்க்கப் போனேன்.

உமா என்னை உட்காரச் சொன்னாள். நான் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் எழுந்தாள். பிறகு, "உள்ள வாங்கண்ணா" என்று அக்காவின் அறைக்கு அழைத்துப்போனாள்.

மேஜைமேல் மூன்று பழைய லாப்டாப்கள் அருகருகே இருந்தன. அவற்றுக்குப் பின்னால் அக்காவின் கம்ப்யூட்டர். ஒவ்வொரு லாப்டாப்பின் மூலையிலும் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. சிவப்பு, பச்சை, மெரூன்.

"சிவப்புப் பொட்டு மெல்போர்ன் மாமி. பச்சை துபாய் தாத்தா. மெரூன் டீச்சர். மாறிப்போயிடக் கூடாதுன்னு அம்மா ஒட்டி வெச்சது" என்றாள் உமா. "மத்த ஆளுங்க சும்மா பொம்மைண்ணா. உட்கார்ந்து சாப்பிடற மாதிரி செட் பண்ணி வெச்சிருப்பா."

எனக்கு ஒன்றும் புரியாதது போலவும் எல்லாம் புரிந்தது போலவும் இருந்தது. உமாவே சொன்னாள். ஊரடங்குக் காலத்தில் மண்டபம் நிஜமாகவே நடந்ததாம். விமானம் ஏற முடியாத சொந்தங்கள் அங்கே கூடினார்களாம். பிறகு எல்லாரும் நேரில் போக ஆரம்பித்ததும் கூட்டம் வற்றிவிட்டது. மண்டபத்தை மூடிவிடலாம் என்று அக்கா யோசித்துக்கொண்டிருந்த நாளில்தான் நான் போய் நின்றிருக்கிறேன். என் சம்பளம் அக்காவின் பென்ஷனிலிருந்து வந்தது. நீங்கள் சொல்வீர்களே, வசந்தா ஒரே நேரத்தில் எத்தனை லைன் வேண்டுமானாலும் பார்ப்பாள் என்று. பார்த்தார். மூன்று ஊர்க்காரராக என்னோடு பேசினார்.

டீச்சரிடம் நான் சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது. கலாவோடு சண்டை போட்டது, மாமனார் வீட்டில் எனக்கு நேர்ந்த அவமானம், சில சமயம் அக்காவைப் பற்றியே குறை. "உங்க முதலாளியம்மா ரொம்பக் கறார் போல?" என்று டீச்சர் கேட்டதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத மாட்டேன். அதையும் அந்த மேஜையில் உட்கார்ந்து அவரே படித்திருக்கிறார். உழைத்துச் சம்பாதித்தேன் என்று இத்தனை நாள் தலை நிமிர்ந்து நடந்தவனுக்கு, கையில் போட்டது பிச்சை என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? கேட்பது பொய்யாக இருக்கக் கூடாது என்றவர், பதில் சொல்கிறவர்களை அத்தனை பேரையும் பொய்யாக வைத்திருந்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. வேலை இல்லைன்னு ஒரு வார்த்தை" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது.

உமா பதில் சொல்வதற்குள் பக்கத்து வீட்டு அம்மாள் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார். எனக்குக் காப்பி போட வந்தவர். "உமா, காப்பிப் பொடி எங்க?"

"நெறஞ்சிருக்கு அக்கா" என்றாள் உமா.

"அப்ப என் வூட்லருந்து எடுத்துகினு வரேன்" என்று அந்த அம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

நான் உமாவைப் பார்த்தேன். "நெறஞ்சிருந்தா அவங்க எதுக்கும்மா எடுத்துட்டு வரணும்?"

"இல்லைன்னு அர்த்தம்ண்ணா. எங்க வீட்ல அரிசி, பருப்பு, எது தீர்ந்தாலும் இல்லைன்னு வாயால சொல்லக் கூடாது. நெறஞ்சிருக்குன்னுதான் சொல்லணும். அம்மா அதுல ரொம்பக் கண்டிப்பு. இந்தத் தெருவே கத்துக்கிச்சு."

எங்கள் வீட்டில் இல்லை என்றால் இல்லை என்போம். அதையும் தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொல்வோம். முதலில் எனக்குப் பாயசம்தான் நினைவுக்கு வந்தது. இத்தனை வருடமும் அந்த மாமி, என் இலையில் பாயசம் இல்லை, பாயசம் இல்லை என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். நான் ரொம்ப சந்தோஷம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன். உமா என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். "அம்மா ரூமை விட்டு வெளிய வந்து சிரிப்பாண்ணா. இன்னிக்கும் எனக்குப் பாயசம் கிடைக்கலடின்னு."

அதற்குப் பிறகுதான் முதல் நாள் நினைவுக்கு வந்தது. அரக்குப் புடவை. வேலை நெறஞ்சிருக்கு தம்பி.

"முதல் நாளே சொல்லிட்டேன்னுதான் அம்மா சொல்லுவா" என்றாள் உமா மெதுவாக. "நான் இல்லைன்னுதாண்டி சொன்னேன், அந்தத் தம்பி நன்றி சொல்லிட்டு நாளைக்கு வரேங்கிறார், இப்ப நான் என்ன பண்றதுன்னு எங்கிட்ட கேட்டா."

கடன் வாங்கிய பொடியில் போட்ட காப்பி வந்தது. குடித்தேன். உமாவிடம் விடைபெறும்போதுகூட நல்ல வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு வண்டிகளைப் போகவிட்டேன். அவர் பொய் சொல்லவில்லை என்பது என் கோபத்தைக் குறைக்கவில்லை, கூட்டத்தான் செய்தது. நான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்பது அந்த நிமிஷமே அவருக்குத் தெரியும். அந்தப் புள்ளிகள் அதற்குத்தான் தோன்றித் தோன்றி மறைந்திருக்கின்றன. மேடவாக்கம் வேலையை நான் விட்டபோதும் தெரியும். டிபன் கடையில் கலா கண்ணைப் பார்த்துக் கேட்டபோதும் தெரியும். என் மேல் இரக்கப்பட்டார், சரி. இரக்கப்படுகிறவருக்கு என்னை முட்டாளாக வைத்திருக்க என்ன உரிமை? நல்லவர் என்று நீங்கள் எல்லாரும் எழுதுவீர்கள். நல்லவர்தான். என்னை ஏமாற்றிய நல்லவர். இரண்டையும் எழுதாமல் என்னால் அஞ்சலி செலுத்த முடியாது.

அவரிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று கேட்டால், பட்டு வேட்டி கட்டிய ஒரு பொம்மை இருக்கிறது. அதற்கு இனிப் போக இடமில்லை. மாத முடிவில் நிலத்து வாடகை கட்ட ஆளில்லாமல் மண்டபத்தையும் கலைத்துவிடுவார்கள். அதற்கு முன் ஒருமுறை உள்ளே போய், மாமி உட்காரும் இலை முன் நின்று, பாயசப் பொத்தானை அழுத்திவிட்டு வந்தேன். அது தவிர ஒரே ஒரு சொல் மிஞ்சியிருக்கிறது. அதை ஏற்கெனவே ஒருமுறை பயன்படுத்திவிட்டேன்.

அன்று நான் வீட்டுக்குள் நுழைந்தபோது கலா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினாள். "பாவம் அந்த அம்மா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, கேட்கக் கூடாததைக் கேட்பது போல, "இனிமே அங்க உங்களுக்கு வேலை இருக்கா?" என்றாள்.

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். காலனியில் அவள் என்னைப் பற்றிப் பேசியது காதில் கேட்டது.

"நெறஞ்சிருக்கு" என்றேன்.

"அப்பாடா" என்று கலா மறுபடி பேனாவைத் திறந்தாள். நான் எதையோ சொல்ல ஆரம்பித்தேன், நிறுத்தினேன், மறுபடி ஆரம்பித்தேன். கடைசியில் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த மலர் அச்சாகி வந்தால் அவள்தான் முதலில் படிப்பாள். மேடவாக்கத்துக்காரர்களின் எண் இன்னும் என்னிடம் இருக்கிறது, நாளைக் காலை கூப்பிடப் போகிறேன். முடிந்தால் அச்சகத்தில் கொஞ்சம் தாமதமாகக் கொடுங்கள்.